மூச்சு வாங்கும் இடம்

போன வாரம் என் லேப்டாப் சூடேறி அணைந்துபோனது. நாமக்கல்லில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் அடிப்பக்கத்துத் திருகுகளைக் கழற்றி, புளோயரை வைத்து ஊதினார். சாம்பல் நிறத்தில் கொஞ்சம் தூசி கிளம்பி என் முகத்துக்கு நேராக வந்தது. "சுத்தமாத்தானுங்க வெச்சிருக்கறீங்க" என்று பாராட்டினார். எனக்குப் பாராட்டு காதில் ஏறவில்லை. சூடான தூசியின் அந்த வாசனை மூக்கில் ஏறியதும், இதில் பஞ்சு இல்லையே என்றுதான் தோன்றியது.

எங்கள் ஊர் ராசிபுரத்துக்குப் பக்கத்தில் வெண்ணந்தூர். தறி ஓடும் வீட்டில் பஞ்சு இல்லாத இடம் கிடையாது. நூலிலிருந்து உதிர்ந்து காற்றில் மிதந்துகொண்டே இருக்கும். காலண்டர் சாமியின் கிரீடத்தில் உட்காரும், டீ டம்ளரின் விளிம்பில் உட்காரும், புருவத்தில் உட்காரும். சாயங்காலம் ஆனால் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தலை நரைத்துவிடும், குளித்தால் கருத்துவிடும். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். உள்ளே போகும் பஞ்சைப் பற்றி மட்டும் பேசமாட்டோம். அப்பா இருமி இருமித்தான் போனார். அப்போதும் அம்மா, "தறிக்காரரு இருமாம வேற ஆரு இருமுவாங்க" என்றுதான் சொன்னார். அதில் வருத்தத்தைவிட வழக்கம்தான் அதிகம் இருந்தது.

அண்ணனுக்கு இருமல் வந்தபோதும் அப்படித்தான் எடுத்துக்கொண்டோம். ஆனால் அண்ணனுக்கு இன்னொரு வேலை இருந்தது. பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிப்பார். முகூர்த்த நாட்களிலும் திருவிழாக்களிலும் தறிப்பட்டறையை அம்மாவிடம் விட்டுவிட்டு, சிவப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். கோட்டில் தங்க நிறக் கயிறு தொங்கும். தோளுக்குக் கொஞ்சம் பெரிய கோட்டு. முதலில் தைத்தது வேறு ஒருவருக்காம். போட்டுக்கொண்டால் பட்டாளத்திலிருந்து பாதியில் ஓடிவந்தவர் மாதிரி இருப்பார் என்று நான் கேலி செய்வேன். வாசிக்க ஆரம்பித்தால் கேலி நின்றுவிடும். காதில் ஒரு தடவை விழுந்த பாட்டை அப்படியே ஊதுவார். எழுதிப் படித்ததே இல்லை.

எங்களுக்குக் கம்ப்யூட்டர் வந்த கதையைச் சொல்ல வேண்டும். நான் அப்போது ராசிபுரத்தில் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுக்கும் கடையில் டைப் செய்யும் வேலையில் இருந்தேன். பக்கத்து பிரவுசிங் சென்டரை மூடியபோது, அங்கிருந்து ஒரு பழைய பெட்டியும் பானை வயிற்று மானிட்டரும் எங்கள் வீட்டுக்கு வந்தன. விற்றவர் ஒரே ஒரு எச்சரிக்கை சொன்னார். உள்ளே ஃபேன் ஒன்று சுற்றுகிறது, அதில் பஞ்சு அடைத்தால் எல்லாம் போய்விடும், தறி வீட்டில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

அம்மா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். வீட்டில் கதவு ஒழுங்காகச் சாத்தும் அறை ஒன்றுதான் இருந்தது. அதுவரை அண்ணன் படுத்த அறை. அவருடைய பாய் தறிப்பட்டறைக்கு இடம் மாறியது. கம்ப்யூட்டர் உள்ளே போயிற்று. ஜன்னலில் ஈரச் சாக்கு கட்டினோம். கதவிடுக்கில் பழைய வேட்டியைச் சுருட்டி வைத்தோம். உள்ளே வருகிறவர்கள் வாசலில் சட்டையை உதறி, தலையைத் துடைத்துவிட்டுத்தான் வர வேண்டும். ஆயுத பூஜைக்கு மானிட்டருக்குக் குங்குமம் வைத்தபோது அம்மா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு வைத்தார். பெட்டிக்குப் பஞ்சு ஆகாது என்று இத்தனை பாடுபட்டோம். அண்ணன் பஞ்சுக்கு நடுவில் படுத்துக்கொண்டார். அதில் ஏதோ கோணலாக இருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை, அண்ணன் உட்பட.

மழைக்காலத்தில் இளைப்பு அதிகமானபோது ராசிபுரத்து டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். தறியை விட்டுவிடுங்கள் என்றார். மாத்திரை கொடுப்பது போலச் சாதாரணமாகத்தான் சொன்னார். தறியை விட்டால் வேறு என்ன செய்வது என்பதற்கு அவரிடம் சீட்டு இல்லை.

அந்தச் சமயத்தில்தான் நாமக்கல் பக்கத்து ஹாஸ்டல் பள்ளி ஒன்றில் பேண்டு மாஸ்டர் தேடுவதாக அண்ணனுக்குத் தகவல் வந்தது. சுற்றிலும் வேப்பமரம், சுத்தமான காற்று, மாதச் சம்பளம். ஒரே ஒரு நிபந்தனை. பிள்ளைகள் ஒவ்வொருவர் முன்னாலும் ஸ்டாண்டில் தாள் இருக்க வேண்டும். ஐந்து கோடு போட்ட வெள்ளைக்கார நொட்டேஷன். பெற்றோர் வந்து பார்க்கும்போது பிள்ளை தாளைப் பார்த்து வாசிக்க வேண்டுமாம். அண்ணன் கம்ப்யூட்டர் அறை வாசலில் சட்டையை உதறிக்கொண்டே கேட்டார்.

"ஏம்புள்ள, பத்திரிகை அடிக்கற மாதிரி பாட்டையும் இதுல அடிக்க முடியுமா?"

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வயது அப்படி, ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் கடைக்கு வரும் வாடிக்கையாளர் ஒருவர் அந்த நொட்டேஷன் சாஃப்ட்வேரைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். இலவசமாம். திறந்ததும் ஐந்து கோடு வந்தது, அதன் தலைப்பில் முறுக்குப் பிழிந்தது போல ஒரு குறி வந்தது. அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியவில்லை. சிரிக்காதீர்கள், மேலே வால் இருக்கும் நோட்டு சந்தோஷத்துக்கு, கீழே வால் இருப்பது சோகத்துக்கு என்று நானாக ஒரு விதி கண்டுபிடித்து அண்ணனுக்குப் பாடமே எடுத்தேன். அவரும் பயபக்தியோடு கேட்டுக்கொண்டார். வால் எந்தப் பக்கம் என்பதைக் கோட்டில் அந்த நோட்டு இருக்கும் உயரத்தைப் பார்த்துக் கம்ப்யூட்டரே போட்டுக்கொள்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது.

இன்னொரு கூத்து. அண்ணன் ச என்று ஊதுவார், நான் அதற்குரிய கோட்டில் நோட்டு வைப்பேன். பிளே பட்டனை அழுத்தினால் கம்ப்யூட்டர் ஒரு படி மேலே போய் நிற்கும். அண்ணன் தன் வாத்தியத்தைச் சந்தேகப்பட்டு, வாயில் வைத்து ஊதும் சீவாளியை மாற்றினார். நான் ஸ்பீக்கரைச் சந்தேகப்பட்டேன். அம்மா கரண்டைச் சந்தேகப்பட்டார். கிளாரினெட்டுக்கு எழுதுவது ஒரு ஸ்வரம், காதில் விழுவது ஒரு படி கீழே. அதைச் சொல்லிக் கொடுக்க ஒரு மெனுவே இருந்தது. அதற்குள் நல்ல சீவாளிகளை அண்ணன் தூக்கி எறிந்திருந்தார்.

இதையெல்லாம் எப்போது செய்தோம் என்பதைச் சொல்லவில்லையே. கரண்ட் இருந்தால் தெரு முழுக்கத் தறி ஓடும். கிளாரினெட் எங்கே, இடி விழுந்தாலும் கேட்காது. கரண்ட் போனால் தறி நிற்கும், கம்ப்யூட்டரும் நின்றுவிடும். ஆனால் பெட்டியோடு ஒரு பழைய யு.பி.எஸ். வந்திருந்தது. கரண்ட் போன பிறகும் சில நிமிடம் தாங்கும். எங்கள் சங்கீதப் பாடமெல்லாம் அந்தச் சில நிமிடங்களில்தான். அப்போது நாள்தோறும் கரண்ட் போகும் காலம். சட்டென்று ஊரே வாய் மூடும். காது வலிக்கும் அளவுக்கு ஒரு அமைதி வரும். பட்டறையிலிருந்து அண்ணன் ஓடிவருவார், உதறுவார், துடைப்பார், கதவருகில் நின்று ஊதுவார். நான் தட்டுவேன். யு.பி.எஸ். பீப் பீப் என்று எச்சரித்துக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தம் வேகம் எடுக்க எடுக்க நான் தப்பும் தவறுமாகத் தட்டுவேன். ஏதோ முடியப்போகிறது என்று யாரோ சொல்லிக்கொண்டே இருப்பது போல இருக்கும். திரை அணைந்த பிறகும், அண்ணன் ஓடிவந்த இளைப்பு அடங்காமல் சுவரில் கை வைத்து நிற்பார். இருட்டறையில் அவர் நெஞ்சிலிருந்து வரும் விசில் போன்ற சத்தம் மட்டும் கேட்கும்.

ஒரு நாள் மெனுக்களைத் துழாவும்போது காற்புள்ளி போல ஒரு குறியைக் கண்டுபிடித்தேன். கோட்டுக்கு மேலே, இரண்டு நோட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொள்ளும். வாசிப்பவர் மூச்சு எடுத்துக்கொள்ளும் இடம் என்று விளக்கம் போட்டிருந்தது. அண்ணனுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். வெள்ளைக்காரனும் மூச்சு வாங்குகிறானா என்றார். அணிவகுப்புக்கு வாசிக்கும் மார்ச் பாட்டு ஒன்றைத்தான் தயார் செய்துகொண்டிருந்தோம்; அதில் எங்கெங்கே மூச்சு வாங்குவார் என்று கேட்டுக் கேட்டுக் குறி வைத்தேன்.

நம் பாஷையில் இது ஒரு பொல்லாத வார்த்தை. பாட்டுக்காரர் மூச்சு வாங்கினால் அது வித்தை. படியேறியவருக்கு மூச்சு வாங்கினால் அது வியாதி. இரண்டுக்கும் ஒரே சொல்தான். "இங்க மூச்சு வாங்கும் புள்ள, ஒரு புள்ளி போட்டுக்க" என்று அண்ணன் சொல்லும்போது எந்த அர்த்தத்தில் சொல்கிறார் என்று நான் முதலில் யோசிக்கவில்லை. அடுத்த வாரம் அதே வரியில் இன்னொரு இடம் கேட்டார். அதற்கடுத்த வாரம் அந்த இரண்டுக்கும் நடுவில் ஒன்று. எனக்குப் புரிந்துவிட்டது. அவருக்கும் எனக்குப் புரிந்தது தெரிந்துவிட்டது. நான் குறியை வைத்தேன்.

அவருக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு ஒரு நாள் பாட்டின் வேகத்தைக் குறைத்தேன். மெதுவாகப் போனால் சிரமம் இருக்காது என்பது என் மேதாவிலாசம். ஊதுகிறவருக்கு மெதுவாகப் போவதுதான் கஷ்டம் என்று அப்புறம்தான் உறைத்தது. ஒவ்வொரு ஸ்வரமும் நீள்கிறது, அத்தனைக்கும் காற்று வேண்டும். அண்ணன் பாதி வரியில் நிறுத்திவிட்டு, கண்ணில் நீர் வர இருமினார். நான் பழையபடி வேகத்தை ஏற்றினேன். அதிலிருந்து வேகமானாலும் கஷ்டம், மெதுவானாலும் கஷ்டம் என்று ஆனது.

கம்ப்யூட்டருக்கு இந்தக் கஷ்டம் எதுவும் கிடையாது. நான் வைத்த குறிகளை அது மதிப்பதே இல்லை. எங்கும் நிற்காமல், மிக்ஸி ஓடுவது போல ஒரே சத்தத்தில் கடைசிவரை போய்விடும். ஒரு முறை கரண்ட் போயிருந்தபோது சமையல்கட்டிலிருந்து அம்மா கேட்டுவிட்டு வாசலுக்கு வந்தார்.

"அதாரு சாமி, மூச்சே வாங்காம ஊதறது?"

அண்ணன் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி வெகுநேரம் நிற்கவில்லை. அம்மா முதுகைத் தடவிக்கொண்டே மானிட்டரைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்குள் யாரையோ தெரியாமல் சேர்த்துவிட்டோம் என்பது போலப் பார்த்தார்.

பள்ளிக்குப் போக வேண்டிய நாள் நெருங்கியபோது பெட்டி நின்றுபோனது. மெக்கானிக்கை வீட்டுக்கே அழைத்துவந்தோம். பக்கவாட்டு மூடியைக் கழற்றி, உள்ளே விரலை விட்டு, ஃபேனிலிருந்து பஞ்சை உரித்து எடுத்தார். ஃபேனின் வடிவத்திலேயே வட்டமாக, கனமாக, ஒரு சின்னத் தலையணை போல வந்தது. ஈரச் சாக்கும், வேட்டிச் சுருளும், இத்தனை உதறலும் இருந்தும் இவ்வளவு. மெக்கானிக் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்தார், எங்கள் முகங்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அம்மா பஞ்சைப் பார்க்கவில்லை. அண்ணனின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் அதைக் கையில் வாங்கி உருட்டி, ஜன்னலுக்கு வெளியே போட்டார். அன்று எனக்கு வந்த பயம் அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை. கதவு சாத்திய அறைக்குள்ளேயே இப்படி என்றால், கதவே இல்லாத இடத்தில் படுப்பவருக்கு எப்படி இருக்கும் என்று கணக்குப் போட யாருக்கும் படிப்பு தேவைப்படவில்லை. சாயங்காலமே அவர் பாயை எடுத்து வந்து அறைக்குள் விரித்தேன். வேண்டாம், பெட்டிக்கு ஆகாது என்று மறுத்தார். நான் கத்திய பிறகுதான் படுத்தார்.

பள்ளிக்குப் பெட்டியை நாங்களேதான் சுமந்து போனோம். லேப்டாப் எல்லாம் அப்போது எங்கள் கனவில்கூட வராது. அம்மாவின் புடவையில் சுற்றி, நாமக்கல் பேருந்தில் அண்ணன் மடியில் வைத்துக்கொண்டார். மானிட்டரைப் பள்ளியிலேயே தருகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். அண்ணன் பேண்டு கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். நான் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.

கரஸ்பாண்டென்ட் வெள்ளைச் சட்டை போட்ட, நிதானமான மனிதர். பிள்ளைகளைத் தரையில் உட்கார வைத்திருந்தார்கள். ஏற்பாடு இதுதான்: மற்ற வாத்தியங்களையெல்லாம் கம்ப்யூட்டர் வாசிக்கும், கிளாரினெட் வரியை நான் ஊமையாக்கி வைத்திருப்பேன், அதை அண்ணன் நேரில் வாசிப்பார். ஒரு முழு பேண்டு எப்படி இருக்கும் என்று அவர்களுக்குக் காட்ட வேண்டும். நான் பட்டனை அழுத்தினேன். முதல் வரியை அண்ணன் அபாரமாக வாசித்தார். பிள்ளைகள் காலால் தாளம் போட ஆரம்பித்தார்கள். எனக்கு மூச்சு வந்தது. இரண்டாம் வரியில், நான் குறி வைத்த இடங்களிலெல்லாம் மூச்சு எடுத்தார். மூன்றாம் வரியில், குறி வைக்காத இடத்தில் வாத்தியம் நின்றது.

கம்ப்யூட்டர் நிற்கவில்லை. மேலே பாட்டு இல்லாமல் கீழே டிரம் மட்டும் தம் தம் என்று நடந்து போய்க்கொண்டிருந்தது. என் விரல் ஸ்பேஸ் பாரின் மேல் இருந்தது. அழுத்தினால் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அழுத்தாவிட்டாலும் தெரிகிறது. அண்ணன் வாத்தியத்தை வாயிலிருந்து எடுக்காமல், தோள் மட்டும் ஏறி ஏறி இறங்க நின்றார். கோட்டின் தங்கக் கயிறு ஆடியது. கடைசி வரியில் எப்படியோ சேர்ந்துகொண்டு முடித்தார். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

கரஸ்பாண்டென்ட் அண்ணனை உட்காரச் சொல்லி, தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, அச்சடித்திருந்த தாள்களைப் புரட்டினார்.

"ஏனுங்க, இதைய எழுதுனது நீங்களா?"

ஆமாங்க என்றேன். அண்ணன் ஊதினார், நான் எழுதினேன் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படியானால் நானே வந்துவிடலாமே என்றார். ஊதுவதற்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், கேட்டுப் பழகக் கம்ப்யூட்டர் இருக்கிறது, தாள் தயார் பண்ண ஆள்தான் இல்லை என்றார். அவர் கெட்டவர் இல்லை. அண்ணனைப் பார்த்து, உடம்பைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்று உண்மையான அக்கறையோடுதான் சொன்னார். எனக்கு ஊதத் தெரியாது என்று மட்டும் சொன்னேன். அவர் அதைத் தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

திரும்பும்போது பேருந்தில் ஜன்னலோரம் அண்ணன், மடியில் பெட்டி. பொம்மக்குட்டைமேடு தாண்டியது. நான் போகமாட்டேன் என்று ஆரம்பித்தேன். அவருக்கு வாங்கப் போன வேலை அது, அதை நான் எப்படி எடுத்துக்கொள்வது என்றேன். அழுதுவிட்டேன். முன் இருக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீ போ சாமி" என்றார் அண்ணன். "ரெண்டு பேர்ல ஒருத்தராச்சும் தறிக்கு வெளியில இருக்கோணும்."

சாலையில் மண் லாரி ஒன்று எதிரே வந்தது. தூசி ஜன்னல் வழியாக அடித்தது. அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. புடவைக்கு மேலே, பெட்டியின் காற்றுத் துளைகள் இருக்கும் பக்கத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

நான் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் சம்பளம் வந்ததும் தறியை நிறுத்தச் சொன்னேன். இந்தப் பாவு முடியட்டும் என்றார். தறி தெரியாதவர்களுக்கு இது நியாயமாகத்தான் படும். பாவு என்பது தறியில் நீளவாட்டில் ஏற்றியிருக்கும் நூல். ஆனால் ஒரு பாவு முடிவதற்கு முன்பே அடுத்த பாவின் நுனிகளை அதோடு முடிச்சுப் போட்டுவிடுவார்கள். தறியில் முடிவு என்று ஒன்று வருவதே இல்லை. ஒவ்வொரு மாதமும் கேட்டேன், ஒவ்வொரு மாதமும் பாவு பாக்கி இருந்தது. சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்றும் தறியில் பாதித் துண்டு நின்றது. அவர் திரும்பி வரவில்லை. பேண்டு செட்டுக்காரர்கள் சிவப்புக் கோட்டோடு வந்து, கிளாரினெட் நிற்கும் இடத்தைக் காலியாக விட்டு வாசித்துக்கொண்டு பாடைக்கு முன்னால் போனார்கள். அந்தப் பாதித் துண்டை அம்மா அறுக்க விடவில்லை. பழைய இரும்புக்குத் தறியை எடுக்க வந்தவர்கள்தான் கடைசியில் அறுத்தார்கள்.

இப்போது எங்கள் தெருவில் தறி ஓடும் வீடுகள் அதிகம் இல்லை. பேண்டு செட்டும் கலைந்துவிட்டது. எங்கள் பட்டறை இருந்த இடத்தில் யாரோ வேன் நிறுத்துகிறார்கள். அம்மா என்னோடு நாமக்கல்லில் இருக்கிறார். ஊதத் தெரியாத பேண்டு மாஸ்டராக நான் இன்னும் அதே பள்ளியில்தான் இருக்கிறேன். பிள்ளைகளுக்கு என்மேல் ஒரே ஒரு குறை. மிஸ் ஏன் எப்போதும் இவ்வளவு சத்தமாகப் பேசுகிறீர்கள் என்று கேட்கிறார்கள். சாதாரணமாகத்தான் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருப்பேன். மூன்று வகுப்பறை தள்ளியும் கேட்குமாம். ஓடும் தறிக்கு இந்தப் பக்கம் நின்று, அந்தப் பக்கம் நிற்கும் அண்ணனுக்குக் கேட்கும்படி பேசிப் பழகிய தொண்டை இது. அந்தப் பக்கம் இப்போது யாரும் இல்லை என்று அதற்கு எவ்வளவு சொன்னாலும் ஏறுவதில்லை.